வேர்ச்சொல் தேடிய மொழிஞாயிறு

நுழையும்முன்

பேசும்போது நாம் பொருளை நினைக்கிறோம். அப்பொருளைச் சுமந்து வரும் ஒலியை நினைப்பதில்லை. அவ்வொலி வாயில் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு சொல்லாயிற்று, வேறு எச்சொற்களோடு உறவுடையது என்னும் வினாக்களுக்கே தம் வாழ்நாளை அளித்தவர் தேவநேயப் பாவாணர். இன்றைய விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியப் பணியை ஏற்றபோது அவருக்கு 17 அகவை. தாம் கனவு கண்ட அகரமுதலிக்கு இயக்குநராகப் பொறுப்பேற்றபோது 72 அகவை. இடைப்பட்ட 55 ஆண்டுக்கால உழைப்பையும், அவ்வுழைப்புக்கு அவர் கொடுத்த விலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முறம்பு தந்த முதல் வகுப்பறை

சங்கரன்கோவிலில் 1902ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், ஞானமுத்து தேவேந்திரனாருக்கும் பரிபூரணம் அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் தேவநேயர். உடன்பிறந்தோர் பலர் இருந்த குடும்பத்தில் அவர் பத்தாவது குழந்தை. சிறு அகவையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். வட ஆர்க்காட்டு ஆம்பூரில் வாழ்ந்த மூத்த தமக்கையார் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். ஆம்பூரில் தொடக்கக் கல்வி முடிந்தது. மேலே படிக்கப் பொருள் இல்லை. இராசபாளையத்தை அடுத்த முறம்பில் சமயப் பணியாற்றிய யங் என்பவர் பொருளுதவி செய்ய முன்வந்தார். அவ்வுதவியால் பாளையங்கோட்டையில் உயர்நிலைக் கல்வி நிறைவுற்றது.

1919இல், தமக்கு உதவியவரின் ஊரான முறம்பிற்கே ஆசிரியராகத் திரும்பினார். அங்கிருந்த சீயோன்மலைப் பள்ளியில் பணி. அப்போது அப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985இல்தான் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டத்தில் அமைந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலே தொடங்கப்படாத காலம் அது. மழையை நம்பிய மண்ணில் கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்தன. பதினோராம் வகுப்பு மாணவர்க்கு உரிய அகவையில் தேவநேயர் அங்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அப்பணி தொடர்ந்தது.

1921இல் ஆம்பூருக்குத் தமிழாசிரியராகச் சென்றார். பணியாற்றிக்கொண்டே தேர்வுகளுக்குப் படித்தார். 1924இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் தேர்வில் வெற்றி பெற்றார். அவ்வாண்டு அத்தேர்வில் தேறியவர் அவர் ஒருவரே. பின்னர் சென்னை, மன்னார்குடி, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். மன்னார்குடியில் வாழ்ந்தபோது இசையும் முறையாகப் பயின்றார்.

பெயரிலேயே தொடங்கிய ஆய்வு

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் தேவநேசன். கவி பாடும் திறன் கண்டு ஆசிரியர் ஒருவர் கவிவாணன் என்னும் பட்டத்தைச் சேர்த்தார். தேவநேசக் கவிவாணன் என்று சில காலம் வழங்கிய அப்பெயரை அவரே ஆராய்ந்தார். நேசம் என்பதை நேயம் ஆக்கினார். கவி என்பதற்குப் பா என்னும் தமிழ்ச் சொல்லை வைத்தார். தேவநேயப் பாவாணர் என்னும் பெயர் இவ்வாறு உருவானது. பிறர் சொற்களை ஆராயும் முன் தம் பெயரையே ஆராய்ந்து திருத்திக்கொண்டமை, அவர் தம் கொள்கையை எவ்வளவு நேர்மையுடன் கைக்கொண்டார் என்பதைக் காட்டும்.

மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் அவர் உள்ளத்தை ஈர்த்தது. ஆனால் ஒரு சொல் தமிழா, அன்றா என்று உணர்ச்சியால் முடிவு செய்ய இயலாது, சான்று வேண்டும். அச்சான்றைத் தேடியே அவர் மொழிநூலுக்குள் நுழைந்தார். அக்காலத்தில் தமிழாசிரியர்க்கு மொழிநூல் கற்பிக்கும் வகுப்புகள் அரியன. எனவே கால்டுவெல் முதலிய மேலைநாட்டு அறிஞர்களின் நூல்களைத் தாமே பயின்றார். பல மொழிகளின் இலக்கணங்களையும் அகரமுதலிகளையும் ஒப்பிட்டுக் கற்றார். 1931இல் அவருடைய மொழியாராய்ச்சிக் கட்டுரை ‘செந்தமிழ்ச் செல்வி’ இதழில் வெளிவந்தது.

திருச்சிராப்பள்ளியில் பணியாற்றியபோது, திராவிட மரபு தோன்றிய இடம் பற்றிய ஆய்வேடு ஒன்றை எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். அஃது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்திருந்தால் உயர்கல்விப் பணிக்கு வழி திறந்திருக்கும். அவ்வழி அடைபட்டபோதும் அவர் தம் கருத்தைக் கைவிடவில்லை. தம் ஆய்வுகளை நூலாக்கித் தமிழ் மக்கள் முன் வைப்பதே தக்கது என முடிவு செய்தார். 1940இல் ‘ஒப்பியன் மொழிநூல்’ வெளிவந்தது.

வாயில் பிறக்கும் மொழி

எழுத்தொலிகளின் பிறப்பைத் தொல்காப்பியம் தனி இயலாகவே ஆராய்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்தாகிறது என்பது அவ்வியலின் கருத்து. இதழிரண்டும் பொருந்தப் பகரமும் மகரமும் பிறக்கின்றன. நுனிநா மேல்நோக்கி அண்ணத்தைத் தொட டகரமும் ணகரமும் பிறக்கின்றன. இன்றைய ஒலியியல் ஆய்வுக்கூடங்களில் கருவிகளின் துணையோடு காணப்படும் உண்மைகள் பலவற்றை, உடலையே கருவியாகக் கொண்டு பண்டைத் தமிழர் கண்டறிந்தனர்.

பாவாணர் இவ்வடிப்படையிலிருந்து மேலும் ஒரு வினாவை எழுப்பினார். ஒலி பிறக்கும் முறைக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் தொடர்பு உண்டா என்பதே அவ்வினா. 1943இல் வெளியான ‘சுட்டு விளக்கம்’, 1953இல் வெளியான ‘முதற்றாய்மொழி’ ஆகிய நூல்களில் அவர் இதற்கு விடை தேடினார்.

ஆ என்று ஒலிக்கும்போது வாய் அகலத் திறக்கிறது. ஈ என்று ஒலிக்கும்போது இதழ்கள் பின்வாங்கி விரிகின்றன. ஊ என்று ஒலிக்கும்போது இதழ்கள் குவிந்து முன்னே நீள்கின்றன. தொலைவில் உள்ளதையும், அருகில் உள்ளதையும், முன்னே உள்ளதையும் சுட்ட விரும்பிய தொல்பழங்கால மாந்தனின் வாய், கையைப் போலவே அத்திசைகளைக் காட்ட முயன்றது. அம்முயற்சியில் பிறந்தவையே சுட்டொலிகள் என்று பாவாணர் கருதினார். அவன், இவன், உவன் என்னும் சுட்டுப்பெயர்களை அதன் விளைவாகக் கண்டார். முன்னே நீளும் ஊகார ஒலியைப் பெருந்தொகையான சொற்களுக்கு மூலமாகக் கொண்டார். முன், முனை, முகம், முளை முதலிய சொற்களில் முன்மை என்னும் கருத்து ஊடாடுவதைச் சுட்டிக்காட்டி, அவற்றை ஒரே குடும்பத்தில் சேர்த்தார்.

சுட்டொலிகளோடு வேறு வகை ஒலிகளையும் அவர் வகுத்தார். துன்பத்திலும் வியப்பிலும் தாமாக எழுவன உணர்ச்சியொலிகள். பிறரை அழைக்கப் பயன்படுவன விளியொலிகள். இயற்கையில் கேட்பதை அவ்வாறே திருப்பிச் சொல்வன ஒப்பொலிகள். காக்கையும் குருவியும் தத்தம் குரலாலேயே பெயர் பெற்றமை ஒப்பொலிக்குச் சான்று. சிவகாசி வட்டாரம் பின்னாளில் உருவாக்கிய பொருள்களிலும் இவ்வுண்மை விளங்குகிறது. புஸ்ஸென்று சீறி எழும் ஒலியைப் புஸ்வாணம் தன் பெயரிலேயே தாங்கியிருக்கிறது. செவியில் விழுந்த ஒலி, நாவில் சொல்லாக மாறும் செயல் இன்றும் நம் கண்முன் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது.

மக்கள் காத்த சொற்கள்

சொல்லின் வேரைத் தேடுபவர்க்கு நூல்கள் மட்டும் போதா. ஏட்டில் ஏறாத சொற்கள் வயலிலும் தொழிற்களத்திலும் வழங்குகின்றன. பாவாணர் தாம் வாழ்ந்த ஊர்களிலெல்லாம் உழவரும் கைத்தொழிலாளரும் பேசுவதைக் கூர்ந்து கேட்டார். விளையாட்டுகளின் பெயர்களைக்கூட விடாது தொகுத்தார். 1954இல் வெளியான ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ அவ்வுழைப்பின் பயன்.

பயிர்களின் அடிப்பகுதியைக் குறிக்கும் சொற்களை அவர் விளக்கிய முறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நெல்லுக்குத் தாள், கீரைக்கும் வாழைக்கும் தண்டு, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி எனப் பொருளின் தன்மைக்கேற்பச் சொல் வேறுபடுகிறது. கம்புக்கும் சோளத்துக்கும் உரிய சொல் தட்டு அல்லது தட்டை. கம்பும் சோளமும் விளையும் ஊர்களில் மாட்டுக்குத் தட்டை அள்ளிப் போடும் உழவர் இச்சொல்லை நூல் பார்த்துக் கற்றவரல்லர். ஆயினும் தாளென்றும் தண்டென்றும் மாற்றிச் சொல்லார். மொழியின் நுட்பம் புலவரிடம் மட்டுமன்றிப் பொதுமக்களிடமும் வாழ்கிறது என்பதைப் பாவாணர் இவ்வாறு நிலைநாட்டினார்.

பதவியா, கொள்கையா

1944இல் சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியரானார். கல்லூரி முதல்வரின் ஆதரவோடு 12 ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். அவர் வாழ்வில் அமைதியும் வருவாயும் ஓரளவு ஒருங்கே அமைந்த காலம் அது. பின்னாளில் பாவலரேறு எனப் போற்றப்பட்ட பெருஞ்சித்திரனார் அங்கு அவரிடம் பயின்றார். பிறருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர், தாமும் தேர்வெழுதி 1952இல் தமிழ் முதுகலைப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு 50 அகவை.

1956இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை மொழியாராய்ச்சிப் பணிக்கு அழைத்தது. நெடுநாள் விரும்பிய பணி அது. ஆனால் அக்காலத்தில் மொழியியல் உலகம் வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இடுகுறித்தன்மை உடையது என்பது சசூர் முதலிய மேலை அறிஞர் வழிவந்த கொள்கை. காரணமின்றிப் பிறந்த சொல் இல்லை என்பது பாவாணர் கொள்கை. இவ்விரண்டும் ஓரிடத்தில் பொருந்தி நிற்றல் அரிதாயிற்று. கருத்து வேறுபாடுகள் முற்றின. 1961இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார்.

தம் முடிபுகளைச் சற்றே தளர்த்தியிருந்தால் பதவியில் நீடித்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 59 அகவையில் நிலையான வருவாய் இன்றிக் காட்டுப்பாடியில் குடியேறினார். 1963இல் துணைவியார் நேசமணி அம்மையார் மறைந்தார். வறுமையும் தனிமையும் சூழ்ந்த அவ்வாண்டுகளில்தான் அவர் பெரு நூல்கள் சில வெளிவந்தன. உலகின் முதல் செவ்வியல் மொழி தமிழே என வாதிடும் ஆங்கில நூலை 1966இல் வெளியிட்டார். ‘தமிழ் வரலாறு’, ‘வடமொழி வரலாறு’ ஆகியவை 1967இல் வந்தன.

அவர் முடிபுகள் அனைத்தும் அறிஞரால் ஏற்கப்பட்டன என்று கூற இயலாது. உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்னும் கருத்தையும், கடல்கொண்ட குமரிநாட்டில் மாந்தன் தோன்றினான் என்னும் கருத்தையும் மொழியியலாளரும் வரலாற்றாசிரியரும் பெரும்பாலும் ஏற்பதில்லை. இரு மொழிச் சொற்கள் ஒலியால் ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஒலிமாற்றம் பல சொற்களில் ஒரே ஒழுங்கில் நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அவர்கள் வற்புறுத்தும் நெறி. பர்ரோ, எமனோ ஆகிய இருவரும் இந்நெறியைப் பின்பற்றித் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, பாவாணர் பதவி துறந்த அதே 1961இல் வெளிவந்தது. எனினும் தமிழ்ச் சொற்களின் உள்ளுறவை ஆராய்ந்த அளவில் பாவாணர் விட்டுச்சென்ற செல்வம் பெரிது. ஒரு சொல்லைத் தனித்துப் பாராமல் அதன் இனத்தோடு வைத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தமிழுலகில் பரப்பியவர் அவர்.

அகரமுதலிக் கனவு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட பெரும்பணி அது. ஆயினும் தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு வேற்றுமொழி மூலம் காட்டப்பட்டிருப்பதாகவும், மக்கள் வழங்கும் சொற்கள் பல விடுபட்டிருப்பதாகவும் பாவாணர் கருதினார். குறை கூறுவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் காட்டும் அகரமுதலி ஒன்றைத் தாமே உருவாக்க விழைந்தார்.

தனி ஒருவரால் அப்பணி முடியாது. நூல்கள் வாங்கவும் உதவியாளர் வைக்கவும் பொருள் வேண்டும். அவர் மாணவரான பெருஞ்சித்திரனார், தாம் நடத்திய ‘தென்மொழி’ இதழின் வழியாக அன்பர்களைத் திரட்டினார். அவர்கள் மாதந்தோறும் சிறு தொகைகள் அனுப்பினர். பின்னர் தமிழ்நாடு அரசு அப்பணியை ஏற்றுச் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. 1974ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பாவாணர் அதன் இயக்குநரானார். பிறர் ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கழிந்த அகவையில் அவர் தம் வாழ்வின் முதன்மைப் பணியைத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு அவருக்குச் செந்தமிழ்ச் செல்வர் என்னும் விருதளித்தது. மொழிஞாயிறு என்று தமிழுலகம் அவரைப் போற்றியது.

மதுரையில் நிறைவுற்ற பயணம்

1981ஆம் ஆண்டு சனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியது. பாவாணர் 5ஆம் நாள் மாநாட்டில் மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும் பற்றி உரையாற்றினார். அதன்பின் நெஞ்சுவலியால் நலிவுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சனவரி 15ஆம் நாள் நள்ளிரவில் இயற்கை எய்தினார். 1924இல் அவரைப் பண்டிதர் என ஏற்ற அதே மதுரையில் அவர் மூச்சு அடங்கியது.

அகரமுதலியின் ஒரு பகுதிகூட அப்போது அச்சேறவில்லை. முதற்பகுதி 1985இல் வெளிவந்தது. அவர் வகுத்த நெறியில் அவருக்குப் பின்வந்தோர் பணியைத் தொடர்ந்தனர். 2011இல் 12 மடலங்களாக, 31 பகுதிகளாக அகரமுதலி நிறைவுற்றது. தாம் நட்ட மரத்தின் கனியை அவர் காணவில்லை. 2006இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. முதல் வகுப்பறை தந்த முறம்பில் இன்று பாவாணர் கோட்டம் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது.

ஒலியறிவு அழைக்கும் பணிகள்

பாவாணர் காலத்தில் ஒலியியலும் மொழிநூலும் கற்றவர் ஆசிரியராகலாம்; அகரமுதலி தொகுக்கலாம். இன்று அக்கல்வியின் எல்லை விரிந்துள்ளது. திக்கிப் பேசும் சிறுவனுக்கும், பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த குழந்தைக்கும், பக்கவாதத்தால் பேச்சிழந்த முதியவருக்கும் சொல்லை மீட்டுத் தரும் பேச்சு மொழி வல்லுநர்கள் அக்கல்வியையே அடிப்படையாகக் கொள்கின்றனர். மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட அனைத்திந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இத்துறைக் கல்வியில் முன்னோடியாக விளங்குகிறது. தமிழ்நாட்டிலும் இத்துறையில் பட்டப்படிப்புகள் நடைபெறுகின்றன. ஒலியியலும் மொழியியலும் அவற்றில் தொடக்கப் பாடங்கள்.

அப்பணிக்குத் தாய்மொழியறிவு இன்றியமையாதது. தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் பழம் என்பதைப் பளம் என்று ஒலிப்பதைக் கேட்கலாம். அது பேச்சுக் குறைபாடன்று, வட்டார வழக்கு. ஒரு குழந்தை ககரத்தை ஒலிக்க இயலாமல் தகரமாகச் சொல்லி, வயது ஏறியும் அது மாறாதிருந்தால் அங்குப் பயிற்சி தேவைப்படலாம். எது வழக்கு, எது குறைபாடு என்று பிரித்தறிய, நா எங்குத் தொடுகிறது என்பதையும், அவ்வூர் மக்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதையும் ஒருங்கே அறிதல் வேண்டும். தொல்காப்பியத்தையும் உழவர் பேச்சையும் ஒரே கவனத்தோடு கேட்ட பாவாணரின் வாழ்வு, இவ்வறிவுக்கு வழிகாட்டியாக அமைகிறது.

அவர் கண்ட விடைகளுள் சில மறுக்கப்பட்டுள்ளன, இனியும் மறுக்கப்படலாம். அவர் எழுப்பிய வினா அவ்வாறே நிற்கிறது. நாள்தோறும் நம் நாவில் புரளும் சொற்கள் ஒவ்வொன்றும், தன் பிறப்பை ஆராய ஒருவர் வருவாரா என்று காத்திருக்கின்றன. முறம்புப் பள்ளியில் 17 அகவையில் பாடம் சொல்லத் தொடங்கிய இளைஞர் அவ்வழைப்பை ஏற்றார். இறுதிவரை அதனின்று விலகவில்லை.